கோமெட் தடம்: வீடு வீடாகக் கைமாறிய விமானிகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இரண்டாம் உலகப்போரில் பெல்ஜியமும் பிரான்சும் ஜெர்மானியர் பிடியில் இருந்தன. அங்கே சுட்டு வீழ்த்தப்பட்ட நேசநாட்டு விமானிகளை ஒளித்துவைத்து, ஊர் ஊராகக் கைமாற்றி, எல்லையில் உள்ள பிரனீஸ் மலையைத் தாண்டி, போரில் சேராத ஸ்பெயினில் கொண்டுபோய்ச் சேர்த்த ரகசியக் குழுக்கள் பல. அவற்றில் நான் அதிகம் படித்தது கோமெட் தடத்தைப் பற்றித்தான். இதைப் பற்றிப் பேச்செடுத்தால் யாரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். கோமெட்டுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றத் தடங்களைத் தேவைப்படும் இடத்தில் தொட்டுப்போகிறேன்.

தப்பிக்கும் தடம் என்றால் என்ன? சுரங்கப்பாதையா?

இல்லை. தோண்டிய பாதை எதுவும் கிடையாது. எல்லாரும் போகிற ரயில்தான், எல்லாரும் நடக்கிற தெருதான். அந்த வழியில் ஆங்காங்கே கதவு திறக்கத் தயாராக இருந்த வீடுகளும், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஆளைக் கூட்டிப்போகிற வழித்துணைகளும் சேர்ந்ததுதான் 'தடம்'. ஒரு வீட்டுக்காரருக்கு அடுத்த வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. கூட்டிப்போக வருகிற பெண்ணின் உண்மைப் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்பதே விதி. அடிதாங்காமல் வாயைத் திறந்தாலும் சொல்வதற்கு அதிகம் இருக்கக் கூடாது அல்லவா?

யாரையெல்லாம் கூட்டிப்போனார்கள்?

1940 ஜூனில் பிரான்சின் டன்கிர்க் கரையிலிருந்து பிரிட்டிஷ் படை கப்பலேறி வெளியேறி முடிந்தபோது கப்பல் கிடைக்காமல் பின்தங்கிய பிரிட்டிஷ் வீரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். முதலில் கூட்டிப்போனது அவர்களைத்தான். 1942 முதல் குண்டுவீச்சு விமானங்கள் இரவு பகலாகப் பறக்கத் தொடங்கின. அதன் பிறகு பாராசூட்டில் குதித்துப் பிழைத்த விமானிகளே அதிகம். ராணுவக் கணக்கில் இரண்டு வகை உண்டு: போர்க்கைதி முகாமிலிருந்து தப்பியவர் ஒரு வகை, பிடிபடாமலே நழுவியவர் இன்னொரு வகை. தடங்களில் போனவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவது வகை.

ஓர் ஆளுக்காக இத்தனை உயிர்களைப் பணயம் வைப்பானேன்?

நியாயமான கேள்விதான். பிரிட்டனின் பார்வையில் பதில் எளிது. ஒரு விமானியைப் பயிற்றுவிக்க மாதக்கணக்கில் காலமும் பெரும் பணமும் ஆகும். திரும்பி வந்தால் மறுபடியும் பறப்பார். விழுந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த படைத்தளத்தில், போனவன் ஒருவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்!

வீட்டில் இடம் கொடுத்தவர்கள் இந்தக் கணக்கெல்லாம் போட்டதாகத் தெரியவில்லை. தங்கள் நாட்டை மீட்கப் பறந்து வந்தவன், வயலில் கால் ஒடிந்து கிடக்கிறான், விட்டுவிட்டுப் போக முடியுமா என்பதே அவர்கள் காரணம். முதல் உலகப்போரின் நினைவும் அவர்களுக்கு இருந்தது. இதே பிரஸ்ஸெல்ஸில் இதே போல வீரர்களை ஒளித்து ஹாலந்துக்கு அனுப்பிய செவிலியர் ஈடித் கேவெல்லை 1915 அக்டோபர் 12 அன்று ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள். அந்த நகரத்தில் வளர்ந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தப் பெயர் தெரியும்.

கோமெட் தடத்தைத் தொடங்கியது யார்?

ஆந்த்ரே த யோங் என்ற இளம்பெண். எல்லாரும் அழைத்தது 'டெடே'. 1916-இல் பிரஸ்ஸெல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் பிறந்தவர். அப்பா ஃப்ரெடெரிக் பள்ளி ஆசிரியர். டெடே விளம்பரப் படங்கள் வரைகிற வேலையில் இருந்தார். போர் மூண்டதும் செஞ்சிலுவைச் சங்கத்தில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யப் போனார். தேறிய பிரிட்டிஷ் வீரர்களை முகாமுக்கு அனுப்ப மனமில்லாமல் தெரிந்த வீடுகளில் ஒளித்துவைத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

1941 கோடையில் அவரும் ஆர்னோல்ட் தெப்பே என்ற நண்பரும் முதல் குழுவைத் தெற்கே கூட்டிப்போனார்கள். வட பிரான்சில் உள்ள சோம் ஆற்றைப் பாலத்தில் கடக்க முடியாது, காவல் இருந்தது. குழுவில் பலருக்கு நீச்சல் தெரியாது. டயர் டியூபையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு டெடே திரும்பத் திரும்ப நீந்தி ஒவ்வொருவராக அக்கரை சேர்த்தார். அத்தனை பாடுபட்டும், மலையடிவாரத்தில் வழிகாட்டியிடம் ஒப்படைத்த அந்தக் குழு ஸ்பெயினில் போலீஸிடம் சிக்கிவிட்டது.

அதில் அவர் ஒரு பாடம் படித்தார்: எல்லையில் விட்டுவிட்டுத் திரும்பினால் வேலை முடிந்ததாகாது. அடுத்த பயணத்தில் தெப்பே வழியிலேயே கைதானார். டெடே ஒரு ஸ்காட்லாந்து வீரரையும் இரண்டு பெல்ஜியர்களையும் கூட்டிக்கொண்டு தானே மலையேறி, 1941 ஆகஸ்டில் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் இருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்தின் கதவைத் தட்டினார். இந்தச் சின்னப் பெண்ணா பிரனீஸைத் தாண்டி நடந்து வந்தாள் என்று அங்கிருந்த அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. லண்டனிலும் சிலர் இவர் கெஸ்டபோ (ஜெர்மானிய ரகசியப் போலீஸ்) அனுப்பிய ஆளாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். டெடே கேட்டது ஒன்றுதான்: ஆட்களைக் கொண்டுவருகிறேன், வழிச்செலவுக்கு மட்டும் பணம் கொடுங்கள், தடத்தை நடத்துவது நாங்கள். கடைசிவரை அந்தப் பிடியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்படியானால் இவர்கள் பயிற்சி பெற்ற ரகசிய முகவர்கள் இல்லையா?

மிகப் பெரும்பாலானோர் இல்லை. 'ரகசிய முகவர்' என்றதும் கைத்துப்பாக்கியும் பாராசூட்டும் நினைவுக்கு வருகின்றன. கோமெட்டில் இருந்தவர்கள் பள்ளி ஆசிரியர், தையல்காரர், பல் மருத்துவர், விவசாயி, கல்லூரி மாணவி, விதவை. ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அவர்கள் கொள்கை. அவர்களுடைய லத்தீன் முழக்கத்தின் பொருளே 'அடிக்காமல் போரிடு' என்பதுதான்.

எழுதப்படும் கதைகளில் மலை ஏறியவர்களுக்குக் கிடைக்கும் இடம் அடுப்படியில் நின்றவர்களுக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஒரு வீட்டில் இரண்டு விமானிகளை மூன்று வாரம் வைத்திருப்பது என்றால் என்ன? ரொட்டி, இறைச்சி, வெண்ணெய், சோப்பு எல்லாமே ரேஷன். ஒளிந்திருப்பவனுக்கு அட்டை கிடையாது. இருபது வயது அமெரிக்கன் வளர்ந்த ஆண் சாப்பிடுகிற அளவு சாப்பிடுவான். கள்ளச்சந்தையில் வாங்கினால், "வீட்டில் நாலு பேர்தானே, எதற்கு இவ்வளவு?" என்று கேள்வி வரும். பெரிய அளவுச் சட்டையைக் கொடியில் காயப்போட முடியாது. பகலில் கழிவறைத் தண்ணீரைக் கூட யோசித்துத்தான் இழுக்க வேண்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளை வெளியே எதையும் உளறிவிடக் கூடாது. இத்தனையையும் சமாளித்தவள் அந்த வீட்டுப் பெண்மணி. அவளும் முகவர்தான்.

பிரஸ்ஸெல்ஸ் பக்கம் விழுந்த ஒருவர் எப்படி ஜிப்ரால்டர் போய்ச் சேர்ந்தார்?

விழுந்தவுடன் பாராசூட்டைப் புதைத்துவிட்டு ஒளிந்துகொள்ள வேண்டும். விமானிகளுக்குப் பறக்கும் முன்பே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: கூட்டத்தை அணுகாதே, தனியாக இருப்பவரை அணுகு, ஒதுக்குப்புறமான பண்ணை வீடு, பாதிரியார் வீடு நல்லது. சட்டைப்பையில் ஒரு சிறு பெட்டி இருக்கும். பட்டுத்துணியில் அச்சடித்த வரைபடம், பொத்தானுக்குள் மறைத்த திசைகாட்டி, ஹார்லிக்ஸ் மாத்திரை, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மாத்திரை, ரப்பர் தண்ணீர்ப் பை, அந்நாட்டுப் பணம். காகித வரைபடம் மடித்தால் சரசரக்கும், நனைந்தால் கிழியும். பட்டு சத்தம் போடாது.

நல்ல காலம் இருந்தால் விவசாயி ஒருவர் கண்டு, ஊர்ப் பாதிரியாரிடம் சொல்லி, அவர் வேறொருவரிடம் சொல்லி, தடத்தின் கையில் ஆள் வந்து சேர்வார். பிரஸ்ஸெல்ஸில் ஏழைக் குழந்தைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்த 'சுவீடிஷ் கேன்டீன்' என்ற அமைப்பு இருந்தது. அதை நடத்திய ஜான் க்ரெய்ன்ட்ல்தான் நகரத்தில் கோமெட்டின் தலைவர். அறச்சாலைக்கு நாலு பேர் வருவார்கள் போவார்கள், யாருக்கும் சந்தேகம் வராது. அங்கே விமானிக்குச் சீருடை கழன்று பழைய கோட்டு வரும். புகைப்படம் எடுத்துப் போலி அடையாள அட்டை தயாராகும்.

பிறகு ரயில். பாரிஸில் ஒரு வீட்டில் சில நாள். இரவு வண்டியில் ஸ்பானிய எல்லைக்கு அருகே உள்ள பாயோன் பக்கம். வழித்துணைப் பெண் அதே பெட்டியில் தள்ளி உட்கார்ந்திருப்பார்; பேச மாட்டார். அவர் இறங்கினால் இவரும் இறங்க வேண்டும், அவ்வளவுதான். பரிசோதகர் ஏதாவது கேட்டால் தூங்குவது போல இருக்க வேண்டும், இல்லை செவிட்டூமை போல நடிக்க வேண்டும்.

தெற்கே எல்லாவற்றையும் கட்டி ஆண்டவர் ஆங்க்லேயில் குடியிருந்த எல்விர் த க்ரீஃப். தடத்தில் அவர் பெயர் 'கோ அத்தை'. கணவர் ஃபெர்னான் ஜெர்மானிய ராணுவ அலுவலகத்திலேயே மொழிபெயர்ப்பாளர். முத்திரைகளும் வெற்றுப் படிவங்களும் அங்கிருந்துதான் வந்தன. அத்தை கள்ளச்சந்தை வியாபாரமும் செய்தார். எந்த ஜெர்மானிய அதிகாரி எதை மறைவாக வாங்குகிறார் என்பது அவருக்கு அத்துப்படி. ஒருமுறை அவரைக் கைது செய்தபோது அந்த விவரங்களை எடுத்துச் சொல்லியே வெளியே வந்தார்.

கடைசிக் கட்டம் மலை. உருன்யே ஊரில் ஃப்ராந்த்ஷியா உசாந்திசாகா என்ற விதவையின் பண்ணை வீடு. அங்கே சூடாகப் பால் குடித்துவிட்டு, கயிற்றுச் செருப்பு மாட்டிக்கொண்டு, இருட்டியதும் கிளம்புவார்கள். வழிகாட்டி ஃப்ளோரென்ட்டினோ கொய்கோஎட்ஷியா. எர்னானியில் பிறந்தவர், அந்த மலையின் இருபுறமும் வாழும் பாஸ்க் இனத்தவர், தொழில் கள்ளக்கடத்தல், மலையில் ஒவ்வொரு கல்லும் தெரியும். பாஸ்க் மொழி தவிர மற்றவற்றில் அவருக்கு நாலைந்து சொற்கள்தான் வரும். அது போதுமானதாக இருந்தது. களைத்து விழுந்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவாராம். விடிவதற்குள் எல்லையான பிடாசோவா ஆற்றை அடைய வேண்டும். காற்சட்டையைக் கழற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்து, பனிக்குளிர்த் தண்ணீரில் இறங்குவார்கள். அக்கரையில் ஸ்பானியக் காவல் படை ரோந்து வரும். ரயில் பாதையையும் சாலையையும் கடந்து மறுபடி ஓர் ஏற்றம். ஆறு பெருகியிருந்தால் மேலே ஒரு பாலம்வரை சுற்றிப் போக வேண்டும், இன்னும் பல மணி நேர நடை.

சான் செபஸ்தியானை அடைந்தால் பிரிட்டிஷ் தூதரகக் கார் வரும். மேட்ரிட், அங்கிருந்து ஸ்பெயினின் தென்முனையில் பிரிட்டன் வசமிருந்த ஜிப்ரால்டர், பிறகு இங்கிலாந்து.

விமானிகளைக் காட்டிக்கொடுத்தது எது?

பெரும்பாலும் பழக்கம். அமெரிக்கர்கள் இறைச்சியை வெட்டியதும் கத்தியை வைத்துவிட்டு முட்கரண்டியை வலக்கைக்கு மாற்றுவார்கள், ஐரோப்பியர் மாற்றுவதில்லை. உணவகத்தில் அது ஒன்றே போதும். சூயிங்கம் மெல்வது, காற்சட்டைப் பையில் கைவிட்டுக் காசைக் குலுக்குவது, நீட்டி நிமிர்ந்து வீசி நடப்பது எல்லாம் கண்ணில் படும். போர்க்காலப் பிரெஞ்சுக்காரன் இளைத்துக் களைத்து நடப்பான். இவர்கள் ஊட்டம் பெற்று ஓங்கி நிற்பார்கள். வழித்துணைகள் இவர்களுக்கு நடக்கவும் சாப்பிடவும் சிகரெட் பிடிக்கவும் புதிதாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

வந்தவர் உண்மையான விமானிதானா என்று எப்படிச் சோதித்தார்கள்?

கேள்வி கேட்டுத்தான். எந்தத் தளம், எந்த விமானம், உடன் பறந்தவர்கள் யார், அங்கே பேசும் கொச்சைச் சொல் என்ன என்று துருவுவார்கள். சோதனை முடியும்வரை அடுத்த வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்த விதி தவறியபோது என்ன ஆனது என்பதற்கு மாரெஷால் குடும்பமே சாட்சி. 1942 நவம்பரில் அமெரிக்க விமானிகள் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் பிரஸ்ஸெல்ஸில் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இருவரும் ஜெர்மானியர். பிரிட்டனில் பிறந்த அம்மா, பெல்ஜிய அப்பா, பதின்வயது மகள் எல்லாரும் கைது. அந்த ஒரு வீட்டைப் பிடித்து இழுத்ததில் ஏராளமான வீடுகள் சரிந்தன. அப்பா ஜார்ஜ் மாரெஷாலை 1943 ஏப்ரலில் சுட்டுக் கொன்றார்கள். தாயும் மகளும் ராவன்ஸ்ப்ரூக், மவுட்ஹவுசன் வதைமுகாம்களைத் தாண்டி உயிரோடு திரும்பினார்கள்.

பிடிபட்டால் என்ன தண்டனை? விமானிக்கும் உதவியவருக்கும் ஒன்றா?

ஒன்றல்ல, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1941 செப்டம்பரில் பிரான்சில் ஜெர்மானியத் தளபதி சுவரெங்கும் அறிவிப்பு ஒட்டினார்: எதிரி விமானிக்கு உதவும் ஆண் உடனே சுடப்படுவான்; பெண் ஜெர்மனியில் உள்ள வதைமுகாமுக்கு அனுப்பப்படுவாள்; காட்டிக்கொடுப்பவருக்கு 10,000 பிராங்க் வரை பரிசு. விமானி பிடிபட்டால் ஜெனீவா ஒப்பந்தப்படி போர்க்கைதி. கழுத்தில் தொங்கும் அடையாள வில்லையைக் காட்டினால் பொதுவாக முகாமுக்குப் போவார், கடிதம் வரும், செஞ்சிலுவைப் பொட்டலம் வரும். சோறு போட்டவளுக்கு ராவன்ஸ்ப்ரூக். அதுவும் 'இரவும் மூடுபனியும்' என்ற 1941 டிசம்பர் ஆணையின்கீழ் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா இல்லையா என்றே வீட்டாருக்குத் தெரியாமல் போனார்கள்.

போர் முடிவில் விமானிகளுக்கும் அந்தக் காப்பு போனது. சாதாரண உடையில் பிடிபட்ட 168 நேசநாட்டு விமானிகளை 1944 ஆகஸ்டில் பாரிஸுக்கு அருகே உள்ள ஃப்ரென் சிறையிலிருந்து பூகன்வால்ட் வதைமுகாமுக்கே அனுப்பிவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அக்டோபரில்தான் போர்க்கைதி முகாமுக்கு மாற்றப்பட்டார்கள்.

காட்டிக்கொடுத்தவர்கள் யார்?

இரண்டு பெயர்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஜாக் தெசூப்ரி, பெல்ஜியத்தில் பிறந்தவன். 'ஜான் மாஸோன்' என்ற பெயரில் கோமெட்டுக்குள் நுழைந்து, நல்ல வழித்துணையாக நம்பிக்கை பெற்று, 1943 ஜூன் 7 அன்று பாரிஸ் ரயில் நிலையத்தில் டெடேயின் அப்பாவையே பிடித்துக்கொடுத்தான். ஃப்ரெடெரிக் த யோங் 1944 மார்ச் 28 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். தெசூப்ரி பெயரை மாற்றிக்கொண்டு 'பியேர் பூலேன்' என்று மறுபடி உள்ளே வந்தான். அவனை அடையாளம் கண்டது மிஷ்லின் துய்மோன் என்ற இளம்பெண். வயதுக்கு மிகச் சிறியவராகத் தெரிந்ததே அவருக்குக் காப்பு. ஃப்ரென் சிறைச் சுவருக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த தோழியிடம் சத்தம்போட்டு, யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்டுப் பெயரைத் தெரிந்துகொண்டார். கத்திக் கேட்டுவிட்டு அங்கிருந்து நடந்து வந்த நெஞ்சுரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. தெசூப்ரிக்குப் பிரான்ஸ் 1949-இல் மரண தண்டனை நிறைவேற்றியது.

இன்னொருவன் ஹரோல்ட் கோல், பிரிட்டிஷ் ராணுவத்தில் சார்ஜன்ட். மார்செய்யிலிருந்து நடந்த வேறொரு தடத்தில் வேலை செய்து, தடத்தின் பணத்தைச் சுருட்டி, 1941 டிசம்பரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டதும் தெரிந்த பெயர்களை எல்லாம் சொன்னான். அதில் சிக்கியவர்களில் ஒருவர், போலி அனுமதிச் சீட்டு அச்சடித்துக் கொடுத்த அப்வில் ஊர்ப் பாதிரியார் கார்பாந்தியே. அவர் தலை வெட்டப்பட்டது. கோல் 1946 ஜனவரியில் பாரிஸில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் இறந்தான்.

டெடே பிடிபட்டது எப்போது? தடம் அதோடு நின்றுவிட்டதா?

1943 ஜனவரி 15. மழை கொட்டி ஆறு பெருகியதால் ஃப்ராந்த்ஷியாவின் பண்ணை வீட்டில் மூன்று விமானிகளோடு காத்திருந்தார். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதுவரை 118 பேரை அவரே மலை தாண்டிக் கூட்டிப்போயிருந்தார். பல நாள் விசாரணையில், மற்றவர்களைக் காப்பாற்ற, நான்தான் இந்தத் தடத்தின் தலைவி என்று சொன்னார். உண்மைதான் அது. விசாரித்தவர்கள் நம்பவில்லை, இவ்வளவு பெரிய காரியத்தை இந்தப் பெண்ணா நடத்தியிருப்பாள் என்று நினைத்தார்கள். பில்பாவோவில் நண்பர்கள் நம்ப மறுத்த அதே காரணத்தால் எதிரியும் நம்ப மறுத்தான், உயிர் தப்பியது. ராவன்ஸ்ப்ரூக்குக்கும் மவுட்ஹவுசனுக்கும் போய் 1945-இல் மீண்டார். வீட்டைக் கொடுத்த ஃப்ராந்த்ஷியா ராவன்ஸ்ப்ரூக்கிலிருந்து திரும்பவில்லை. அவருக்கு மூன்று சின்னக் குழந்தைகள்.

தடம் நிற்கவில்லை. 'ஃப்ராங்கோ' என்ற மறைபெயரில் ஜான்-ஃப்ரான்சுவா நோதோம் தலைமை ஏற்றார். அவர் ஒரு வருடத்தில் பிடிபட்டார். சுவீடிஷ் கேன்டீன் க்ரெய்ன்ட்ல் 1943 பிப்ரவரியில் கைதாகி மரண தண்டனைக்குக் காத்திருந்தபோது, செப்டம்பரில் சிறைவைத்திருந்த படைக்கொட்டடி மீது நேசநாட்டு விமானங்கள் போட்ட குண்டிலேயே இறந்தார். யாருடைய விமானிகளைக் காப்பாற்றினாரோ அவர்கள் பக்கத்துக் குண்டு. அவருக்குப் பின் வந்த அந்த்வான் துர்சல் 1943 கிறிஸ்துமஸை ஒட்டிய ஓர் இரவில் பிடாசோவா ஆற்றைக் கடக்கும்போது ஓர் அமெரிக்க விமானியோடு சேர்ந்து வெள்ளத்தில் மூழ்கிப்போனார்.

லண்டன் என்ன உதவி செய்தது?

1939 டிசம்பரில் தொடங்கிய எம்.ஐ.9 என்ற பிரிவு இதற்கென்றே இருந்தது. பணம், வானொலி, வரைபடம், ஸ்பெயினில் வரவேற்பு அவர்கள் பொறுப்பு. கோமெட்டுக்கு மேட்ரிட்டில் துணை நின்றவர் மைக்கேல் க்ரெஸ்வெல், மறைபெயர் 'திங்கள்'. லண்டனில் ஏரி நீவ், மறைபெயர் 'சனி'. ஜெர்மனியில் போர்க்கைதிகளை வைத்திருந்த கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையிலிருந்து 1942 ஜனவரியில் தப்பி, தானே ஒரு தடத்தின் வழியாக வீடு வந்தவர். நாசவேலை செய்யும் அமைப்புகளோடும் உளவுத் தகவல் சேகரிப்போடும் தடங்கள் கலக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள். ஒன்று பிடிபட்டால் மற்றதும் போய்விடும்.

வேறு எந்தத் தடங்கள் இருந்தன?

மார்செய்யில் இயன் கேரோ தொடங்கியதை 'பாட் ஓலியரி' என்ற பெயரில் நடத்தியவர் ஆல்பெர் கெரிஸ், பெல்ஜிய ராணுவ மருத்துவர். சுமார் 600 பேரை வெளியேற்றினார்கள். 1943 மார்ச்சில் துலூஸில் பிடிபட்டு, 1945-இல் டாக்காவ் முகாமில் கைதிகள் குழுவின் தலைவராக விடுதலையானார். அவர் போனபின் துலூஸில் மிச்சத்தைக் கட்டிக்காத்தவர் அறுபது வயது தாண்டிய மரி-லூயிஸ் திஸார்.

கடல்வழித் தடம் ஷெல்பர்ன். லூசியன் துமே, ரேமோன் லாப்ரோஸ் என்ற இரண்டு கனடியர்கள் நடத்தியது. வடமேற்குப் பிரான்சின் பிரித்தானி (Brittany) பகுதியில் ப்ளூவா ஊருக்கு அருகே செங்குத்துப் பாறைக்குக் கீழே ஒரு கடற்கரை. பிபிசியில் "அல்ஃபோன்ஸ் வீட்டில் எல்லாருக்கும் வணக்கம்" என்று வந்தால் அன்றிரவு படகு வரும். 1944 ஜனவரி இறுதி முதல் அந்தக் கோடைவரை நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் ஓர் ஆளைக் கூட இழக்கவில்லை.

யூதர்களும் இந்த வழிகளில் தப்பினார்களா?

கோமெட்டும் பாட் தடமும் முதன்மையாக வீரர்களுக்கானவை. யூதக் குடும்பங்களையும் சேர்த்துக் காத்த தடம் 'டச்சு-பாரிஸ்'. நடத்தியவர் ஜான் வைட்னர், துணி வியாபாரி. சுவிட்சர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் சுமார் ஆயிரம் பேரை அனுப்பினார்கள். அவருடைய தங்கை காப்ரியேல் பிடிபட்டு, 1945-இல் முகாமில் இறந்தார்.

இந்தியர்கள் யாராவது இருந்தார்களா? நூர் இனாயத் கான்?

நூர் பிரிட்டனின் நாசவேலைப் பிரிவுக்காகப் பாரிஸில் வானொலி இயக்கியவர். அவருடைய தியாகம் பெரியது, ஆனால் அது தப்பிக்கும் தடத்தின் வேலை அல்ல. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

தப்பியவர்களில் இந்தியர்கள் நிறைய. கிழக்குப் பிரான்சில் எபினால் ஊரில் இந்தியப் போர்க்கைதிகள் முகாம் இருந்தது. 1944 மே 11 அன்று அமெரிக்க விமானங்கள் அந்த ஊரில் குண்டுவீசியபோது முகாம் சுவர் இடிந்தது. கைதிகள் வெளியேறினார்கள். சுமார் 500 பேர் சுவிட்சர்லாந்து எல்லையை நடந்தே அடைந்தார்கள். எந்தத் தடமும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. மொழி தெரியாத, முகமும் நிறமும் மறைக்க முடியாத அந்த மனிதர்களுக்குப் பிரெஞ்சுக் கிராமத்தார் வழியெங்கும் சோறு போட்டு, வைக்கோற்போரில் படுக்க இடம் கொடுத்து, அடுத்த ஊருக்கு வழி காட்டினார்கள். பழைய கோட்டு மாட்டிவிட்டால் வெள்ளைக்காரன் கூட்டத்தில் கலந்துவிடுவான், இவர்களால் முடியாது. அதனால்தான் இந்தத் தப்பித்தலை நான் கோமெட்டுக்குச் சமமாக வைக்கிறேன். இதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு.

மருத்துவர் பிரேந்திரநாத் மஜும்தாரையும் சொல்ல வேண்டும். கோல்டிட்ஸ் சிறையில் இருந்த இந்தியர். இந்திய முகாமுக்கு மாற்றக் கோரி உண்ணாவிரதம் இருந்து, மாற்றப்பட்ட பிறகு தப்பி, பிரெஞ்சு மக்களின் உதவியோடு நடந்து சுவிட்சர்லாந்து சேர்ந்தார்.

கோமெட் மொத்தம் எத்தனை பேரைக் காப்பாற்றியது?

மலை தாண்டியவர்கள், விடுதலைவரை ஒளித்துவைக்கப்பட்டவர்கள் எல்லாரையும் சேர்த்தால் சுமார் 800 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இன்னொரு பக்கத்தையும் எழுத வேண்டும்: உதவியவர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள், நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை.

1944 ஜூனில் நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய பிறகு என்ன செய்தார்கள்?

ரயில் பாதைகள் எல்லாம் குண்டுவீச்சில் சிதைந்துகொண்டிருந்ததால் தெற்கே அனுப்புவது நடவாத காரியம். ஆட்களைக் காட்டில் வைத்துக் காத்திருப்பது என்று திட்டம் மாறியது. பிரான்சில் ஃப்ரெத்தவால் காட்டில் பாராசூட் துணியில் கூடாரம் போட்டு, ஜெர்மானிய ராணுவம் போகிற சாலைக்கு வெகு அருகிலேயே சுமார் 150 விமானிகளை வைத்திருந்தார்கள். சுற்று வட்டார விவசாயிகள் சோறு கொண்டுவந்தார்கள். 1944 ஆகஸ்டில் ஏரி நீவ் பேருந்துகளைத் திரட்டிக்கொண்டு வந்து அழைத்துப்போனார்.

போருக்குப் பிறகு இவர்கள் என்ன ஆனார்கள்?

டெடே பதக்கங்களை வாங்கிக்கொண்டு, செவிலியர் படிப்பை முடித்து, காங்கோ, கேமரூன், எத்தியோப்பியா என்று தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் போய்விட்டார். 2007 அக்டோபரில் 90 வயதில் காலமானார். ஃப்ளோரென்ட்டினோவை 1944 கோடையில் ஜெர்மானியர் காலில் சுட்டுப் பிடித்தார்கள். கோ அத்தையின் ஆட்கள் கெஸ்டபோ வேடமிட்டு ஆம்புலன்ஸில் போய் மருத்துவமனையிலிருந்தே தூக்கிவந்துவிட்டார்கள். பின்னாளில் லண்டனில் பதக்கம் வாங்கியபோது தொழில் என்ன என்று அரசர் கேட்க, "ஏற்றுமதி இறக்குமதி" என்றாராம்.

அந்த மலைவழியை இன்று பார்க்க முடியுமா?

முடியும். ஒவ்வொரு செப்டம்பரிலும் பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து பழைய தடத்தில் நடக்கிறார்கள். தப்பியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உதவிய குடும்பங்களின் வாரிசுகள் சேர்ந்து போவார்கள். உருன்யே பண்ணை வீட்டருகே நின்று பெயர்களை வாசித்துவிட்டு மலையேறுவார்கள். தண்ணீர் குறைவாக இருந்தால், காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பிடாசோவாவில் இறங்கி அக்கரை போவார்கள். போவதாக இருந்தால் மலைநடைப் பழக்கம் வேண்டும். பகலிலேயே அது கடுமையான ஏற்றம்.